கம்பெனி ஃபிட்டிங்

பஞ்சாபில் ‘டோச்சன்’ என்றொரு சொல் புழங்குகிறது. இரண்டு டிராக்டர்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, நடுவே கனத்த சங்கிலியைப் பூட்டி, எது எதை இழுத்துச் செல்கிறது என்று ஊரே கூடி நின்று பார்க்கும் போட்டிக்கு அதுதான் பெயர். காதில் விழும்போது நூற்றாண்டுப் பழமை கொண்ட சொல்லைப் போல ஒலிக்கும். உண்மையில் ‘டோ செயின்’ என்ற ஆங்கிலத் தொடர்தான் வயல்வரப்பில் உருண்டு உருண்டு டோச்சன் ஆகியிருக்கிறது. இழுக்கும் சங்கிலியின் பெயர் இழுக்கும் போட்டிக்கு ஆகிவந்துவிட்டது. நன்னூலை உருப்போட்டவர்கள் இதைக் கருவியாகுபெயர் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

டிராக்டரை உழவுக்கு வாங்கி, பிறகு அதைப் போட்டிக்கும் அழகுக்கும் மாற்றியமைப்பது இங்கே ஒரு தனிக் கலை. டீசல் பம்பின் அளவை முறுக்கிவிடுவார்கள். புகைபோக்கி வானத்தைக் கரிபூசும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளாமலிருக்க இரும்புப் பாளங்களை அடுக்குவார்கள். அகன்ற டயர், நிக்கல் பூசிய பம்பர், தெருவையே அதிரவைக்கும் ஒலிபெருக்கி. இவற்றோடு சாகசம் காட்டி ஓர் இளைஞர் இறந்ததைத் தொடர்ந்து, 2023 அக்டோபரில் மாநில அரசு டிராக்டர் சாகசங்களுக்குத் தடை விதித்தது. ஆனாலும் அந்த மோகம் எளிதில் தணியக்கூடியதன்று. பாடகர் சித்து மூசேவாலா 2022 மே மாதம் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அவரது உடலை இறுதி ஊர்வலத்தில் அவர் நேசித்த எச்.எம்.டி. 5911 டிராக்டரில்தான் ஏற்றிச் சென்றார்கள். அவர் தம் இசை நிறுவனத்திற்கும் அந்த எண்ணையே பெயராக வைத்திருந்தார்.

5911 என்பது பாடல்களில் மந்திரம்போல் ஒலிக்கிறது. பட்டறையிலோ அது வெறும் இலக்கணம். முன்னிரண்டு இலக்கங்கள் குதிரைத்திறனைக் குறிக்கின்றன. பின்னிரண்டு, வடிவமைப்பின் வரிசை. ஆக 59 குதிரைத்திறன். 3511 என்றால் 35. 2511 என்றால் 25. பகுதி மாறுகிறது, விகுதி நிலைக்கிறது. இந்தக் குடும்பம் செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ நகரத்து ஸெட்டார் நிறுவனத்திலிருந்து வந்தது. இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகளைப் பல உறுப்புகள் பொதுவாக அமையும்படி ஒரே வரிசையாக அவர்கள் வடிவமைத்திருந்தார்கள். 1971-இல் எச்.எம்.டி. அதே கூட்டுறவில் பிஞ்சோரில் 25 குதிரைத்திறன் வண்டியுடன் உற்பத்தியைத் தொடங்கியது. கைக்கடிகாரம் செய்த அதே எச்.எம்.டி.தான். 2016-இல் அந்த டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நான் ஆய்வு செய்யும் பட்டியாலாவிலிருந்து பிஞ்சோர் ஒரு காலைப் பொழுதில் போய்விடக்கூடிய தொலைவுதான்.

ஸெட்டார் என்ற பெயரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அந்த ஆலையின் தாய் நிறுவனம் ‘ஸ்ப்ரோயோவ்கா’ என்னும் ஆயுதத் தொழிற்சாலை. அதன் முதல் எழுத்துக்குச் செக் மொழியில் ‘ஸெட்’ என்று பெயர். அதனுடன் டிராக்டரின் கடைசி ‘ஆர்’ சேர்ந்து ‘ஸெட்டார்’ ஆயிற்று. அதே ஆலையின் துப்பாக்கியிலிருந்து பிறந்ததுதான் இந்தியப் படைவீரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ‘பிரென்’. அதுவும் பர்னோவின் முன்பாதியையும் என்ஃபீல்டின் முன்பாதியையும் ஒட்டிச் செய்த பெயர். ஒரே ஆலை, இரண்டு ஒட்டுச்சொற்கள். ஒன்று பஞ்சாபியின் தோளில் ஏறியது. மற்றொன்றின் மேல் பஞ்சாபி ஏறி அமர்ந்தார். இங்குள்ள முதியவர்கள் அதை ‘ஜீட்டர்’ என்கிறார்கள்.

நான் சொல்லவந்தது 5911-ஐப் பற்றியன்று; யாரும் பாடாத 2511-ஐப் பற்றி. நாபா செல்லும் சாலையில் ஒரு கிராமத்திற்கு ஒலிப்பதிவுக்காகப் போய்வந்துகொண்டிருந்தேன். என் ஆய்வேடு மால்வா வட்டாரப் பேச்சின் வினைச்சொற்களைப் பற்றியது. டிராக்டருக்கு அதில் இடமில்லை. எனக்குப் பேச்சு கொடுத்த முதியவர் பழைய டிராக்டர்களை உயிர்ப்பிப்பதையே வேலையாகவும் விளையாட்டாகவும் வைத்திருப்பவர். அவரை நான் தாயா ஜீ என்று அழைக்கிறேன். பஞ்சாபியில் தாயா என்றால் பெரியப்பா. தமிழ்க் காதுக்கு அது தாயைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். அவர் என்னைக் ‘காக்கா’ என்கிறார். சிறுவன் என்று பொருள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் அம்மா பின்னணியில் அதைக் கேட்டுவிட்டு, “உன்னை ஏன்டா அந்தப் பெரியவர் காக்கான்னு கூப்பிடறார்?” என்று கவலைப்பட்டார்.

ஒலிப்பதிவு முடிந்த பிறகும் நான் போவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தேறிப் போய் ஸ்பானரும் துணிக்கந்தையுமாக உட்கார்ந்துவிடுவேன். அமெரிக்காவில் ஆய்வு செய்யும் நண்பரொருவர் இதைக் கேள்விப்பட்டு, அங்கே இதற்கென்றே ஓர் உலகம் உண்டு என்று படங்கள் அனுப்பினார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு புறநகர்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் புல்வெளியோடு வீடுகள் எழுந்தபோது, அவற்றுக்கென்று வீல் ஹார்ஸ், கிரேவ்லி, சிம்ப்ளிசிட்டி என்று குட்டி டிராக்டர்கள் பெருகின. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த கப் கேடட்டுக்கு வெறும் 7 குதிரைத்திறன். ஜான் டியரின் 110 வந்தது 1963-இல். இன்று அவற்றைத் தேடிப்பிடித்து, துரு நீக்கி, பழைய வண்ணத்தின் சரியான சாயலைக் கண்டுபிடித்து, ஒட்டுப்படத்தின் எழுத்துரு வரை சரிபார்த்து மீட்கிறார்கள். வேறு சிலர் பெரிய எஞ்சினை உள்ளே திணித்து இழுவைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். டோச்சனின் தூரத்து உறவு.

படங்கள் அழகாக இருந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குட்டி வண்டிகளைப் பெரும்பாலும் பிழைப்புக்காக வாங்கவில்லை. ஓய்வு நாளில் புல் வெட்டவும் பனி தள்ளவும் வாங்கினார்கள். ஓய்வில் பிறந்த பொருள் மறுபடியும் ஓய்வுக்கே திரும்புகிறது. இங்கே ஒரு 25 குதிரைத்திறன் வண்டி வீட்டுக்குள் வந்ததென்றால் அதன் பின்னே நிலத்தின் பேரில் எழுதிய கடன் பத்திரம் ஒன்று இருந்தது. அது பொழுதுபோக்காக மாறியதற்கு ஒரே காரணம், வயலின் வேலை அதன் திறனைத் தாண்டிப் போய்விட்டதுதான். வைக்கோலை எரிக்காமலே கோதுமை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ கருவிக்கு மட்டும் 45 குதிரைத்திறனுக்குக் குறையாமல் வேண்டும். 2511 எங்கே போவது? மாட்டுத்தீவனம் வெட்டும், தண்ணீர் இறைக்கும், பிறகு ஒருநாள் கீக்கர் மரத்தடியில் நிற்கும். கீக்கர் என்பது நம் கருவேலம்.

தாயா ஜீயின் தம்பி வீட்டு வண்டியும் அப்படித்தான் நின்றது. 1976-இல் வாங்கியது. தம்பி இறந்தபின் ஆறு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. புகைபோக்கி மேல் கவிழ்த்து வைத்த தகரக் குவளை எந்தக் காற்றிலோ பறந்துபோய், மழைநீர் உள்ளே இறங்கி, ஒரு பிஸ்டன் துருவோடு துருவாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் டீசலையும் பிரேக் ஆயிலையும் கலந்து ஊற்றிக் காத்திருந்தோம். முதல் வாரம் அசைவில்லை. இரண்டாம் ஞாயிறு மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டியபோது மயிரிழை இறங்கியது. தாயா ஜீ உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். “இறங்கத் தொடங்கியதை அடிக்கக்கூடாது. தேநீர் குடிப்போம்.” மாலைக்குள் பிஸ்டன் வெளியே வந்தது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் ஓடும் லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் நிற்கும். அதனால் பிளாக்கைக் கடைசல் பட்டறைக்குச் சுமந்துபோய் போர் போட வேண்டியதில்லை. பழைய லைனரை உருவிவிட்டு, அடியிலிருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றி, புதியதை இறக்கினால் போதும். புதியது லூதியானாவின் கில் சாலையிலிருந்து வந்தது. உதிரிகள் இங்கே மூன்று சாதி: ‘அசலி’ என்றால் கம்பெனியே செய்தது, ‘நக்லி’ என்றால் கம்பெனி பெயரைப் போட்டு ஏமாற்றியது, மூன்றாவதாக ‘லூதியானா’. அது யாருடைய பெயரையும் திருடுவதில்லை, தன் பெயரில் நிற்கிறது. கம்பெனி மூடிய பிறகும் பழைய எச்.எம்.டி.கள் வயலில் ஓடுகின்றன என்றால் அது இந்த மூன்றாம் சாதியின் புண்ணியம்.

சொற்களைத் தனியே குறித்துக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை, தொழில் வியாதி. பிரித்துப் போட்ட எஞ்சினைப் புதுப்பிப்பதை இங்கே எஞ்சினைக் ‘கட்டுவது’ என்கிறார்கள். நம்மூர்ப் பட்டறைகளில் எஞ்சினை ‘இறக்குகிறோம்’. அவர்கள் வேலையின் முடிவைச் சொல்கிறார்கள், நாம் தொடக்கத்தைச் சொல்கிறோம். டீசல் குழாயில் காற்று புகுந்து எஞ்சின் நின்றுவிட்டால், வண்டி ‘காற்று வாங்கிவிட்டது’ என்பது பஞ்சாபி வழக்கு. மெரினாவில் காற்று வாங்கி வளர்ந்த என் நண்பனிடம் இதைச் சொன்னபோது ஒரு நிமிடம் சிரித்தான். அடுத்து, வட்டத் தட்டுகளால் மண்ணைக் கிழிக்கும் கருவி. பஞ்சாபியில் அதற்குப் பெயர் ‘தவியான்’, ரொட்டி சுடும் தவாக்கள். தமிழ்நாட்டு உழவர் அதன் உறவுக் கருவியைச் சட்டிக் கலப்பை என்கிறார். இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் அந்நிய நாட்டு இரும்பைப் பார்த்ததும் நேராகச் சமையலறைக்குள் ஓடியிருக்கின்றன. ஒன்று ரொட்டிச் சமையலறை, மற்றது சோற்றுச் சமையலறை.

இனி அந்த நெம்புகோல்.

வண்டியைக் கழுவியபோதே பார்த்தேன். கிளட்ச் பெடலின் மேல் ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைத்து, இடுப்புயரத்திற்கு மேலே கொண்டுவந்து, கைப்பிடிக்கு மாட்டுத்தோல் சுற்றியிருந்தார்கள். தோல் தேய்ந்து கறுத்து, விரல்கள் பதியுமிடம் குழிந்திருந்தது. 1981 கோதுமை அறுவடையில், கதிரடிக்கும் இயந்திரத்திற்கு இதே டிராக்டர்தான் விசை கொடுத்துக்கொண்டிருந்தது. டிராக்டரின் பின்னாலிருந்து விசையை எடுத்துச் செல்லும் தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழலும். நொடிக்கு ஒன்பது சுற்று. தம்பியின் பைஜாமா நுனி அதில் சிக்கியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பசுமைப் புரட்சியின் அந்த ஆண்டுகளில் கதிரடிக்கும் இயந்திரங்களுக்குக் கையும் காலும் கொடுத்தவர்கள் வட இந்தியக் கிராமங்களில் ஏராளம். அதன் விளைவாகவே 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வருவதற்குள் தாயா ஜீ தம்பிக்கு நெம்புகோலைப் பற்றவைத்து முடித்திருந்தார். காலைப் பறித்த வண்டியையே தம்பி கையால் கிளட்ச் போட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார்.

எஞ்சின் ஓடத் தொடங்கிய செய்தி எப்படியோ பரவி, பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் காரில் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். படிந்திருந்த நீலப் பெயின்டை நகத்தால் சுரண்டி அடியிலிருந்த சிவப்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனை. எல்லாம் கம்பெனி ஃபிட்டிங்காக இருக்கவேண்டும். நெம்புகோலோடு என்றால் ஒரு லட்சத்து நாற்பது.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். உலகமெங்கும் சேகரிப்போரின் இலக்கணம் அதுதான். 2021-இல் நம் அரசு பழைய கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் கொண்டுவந்த பதிவு விதிகளில்கூட, ஐம்பது வயது கடந்தால் மட்டும் போதாது; அசல் வடிவில் பேணப்பட்டிருக்கவேண்டும், அடிச்சட்டத்தையோ எஞ்சினையோ மாற்றியிருக்கக்கூடாது என்றே இருக்கிறது. மாற்றாதிருப்பதே பழமை என்பது அதன் கருத்து.

நானோ சுவடிகளையும் பாடபேதங்களையும் கற்றுவந்தவன். ஏடெழுதியவர் கைபட்டு மாறிய சொல்லைப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பிலாவது காப்பாற்றுவார். வண்டிக்கு அடிக்குறிப்பு கிடையாது. பிஞ்சோரில் 2511-கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்திருக்கும். கைக்கிளட்ச் வைத்த 2511 நான் அறிந்தவரை இது ஒன்றுதான். 1976-இன் ஒரு காலையில் ஆலை வாயிலைக் கடந்தபோது அது எப்படி இருந்தது என்பதைவிட, அதற்குப் பிந்தைய முப்பது ஆண்டுகள் அந்த வண்டிக்கு எப்படிக் கழிந்தன என்பதே அதன் வரலாறு என்று எனக்குப் பட்டது. இதைத் தாயா ஜீயிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த பஞ்சாபியில் கொஞ்சம் நீளமாகவே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். “வண்டி என்னுடையதன்று, காக்கா. உன்னுடையதும் அன்று. சாச்சியிடம் கேட்போம்” என்றார்.

சாச்சி ஜீ என்றால் சித்தி, தம்பியின் மனைவி. முற்றத்தில் கட்டிலில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோய், கைத்தடியின்றி எழ முடியாத நிலை. மருத்துவர்கள் மூட்டு மாற்றச் சொல்லியிருந்தார்கள். தாயா ஜீ விலைகள் இரண்டையும் சொல்லிவிட்டு, “மத்ராஸி காக்கா அதை வெட்டக்கூடாது என்கிறான்” என்றார்.

சாச்சி ஜீ என்னைப் பார்த்தார். கோபமில்லை, வியப்பு. “அதையா? ராத்திரி ராத்திரியாக அந்தத் தோள்பட்டைக்குக் கடுகெண்ணெய் தேய்த்தது நான். ஒவ்வொரு கியருக்கும் அதை இழுக்கவேண்டும். சர்தார் ஜீ அதை வாய்கொண்டமட்டும் வைதுகொண்டேதான் ஓட்டினார். புது வண்டி வாங்கக் காசிருந்தால் அன்றைக்கே அதைக் கிணற்றில் போட்டிருப்பார்.” பட்டாணித் தோலை முறத்தில் தட்டினார். “அவர் கால் போயிற்று. என் முழங்காலாவது மிஞ்சட்டும். வெட்டுங்கள்.”

நெம்புகோல் இருந்திருக்கவேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த முற்றத்தில் அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றுமில்லை. பதிப்பாசிரியருக்குத் தோள்பட்டை வலிப்பதில்லை.

வெட்டுவதற்கு முன் அளவெடுத்தேன், எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுத்தேன். தாயா ஜீ என் கையில் கிரைண்டரைக் கொடுக்கவில்லை, தாமே பிடித்தார். தீப்பொறிகள் பெடலின் மேல் கொட்டின. நாற்பது ஆண்டுக்கு முந்தைய தம் பற்றவைப்பைக் குனிந்து பார்த்து, “நல்ல வெல்டிங்” என்று மட்டும் சொன்னார். அடுத்த மூன்று ஞாயிறுகள் நீலத்தை உரித்து, பட்டி பார்த்து, சிவப்படிப்பதில் கழிந்தன. பெடலில் மட்டும், குழாய் இருந்த இடத்தில், பிறைவடிவில் ஒரு தழும்பு மிஞ்சியது. பட்டி வைத்து மூடினால் தெரியாது. பட்டிக் குழம்பை நான் நீட்டியபோது தாயா ஜீ கேளாதவர்போல் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் மேலேயே வண்ணம் அடித்தார்.

லாரியோடு வந்த சேகரிப்பாளர் கூர்மையானவர். ஏறி அமர்ந்து பெடலை மிதித்துப் பார்த்தவர் குனிந்து, தழும்பை விரலால் தடவி, “இது என்ன?” என்று கேட்டார்.

தாயா ஜீ அசரவில்லை. “கம்பெனி ஃபிட்டிங்.”

அவர் ஐந்தாயிரம் குறைத்துக்கொண்டு வாங்கிப்போனார். சாச்சி ஜீக்கு வலது முழங்கால் அறுவை சென்ற மாதம் முடிந்தது. இடதுக்கு இன்னும் பணம் சேரவேண்டும். நெம்புகோலைத் தோலோடு எனக்குத் தருவார்கள் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன். எருமைக் கொட்டகைக் கதவுக்கு அடைகம்பு இல்லாமலிருந்ததாம், அளவு பொருந்திவிட்டது. கீக்கர் மரத்தடியில் இப்போது ஒரு பழைய இண்டர்நேஷனல் பி-275 நிற்கிறது. அதன் ஸ்டீயரிங்கில் யாரோ கதவுக் குமிழ் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். ஏன் என்று இனிமேல்தான் விசாரிக்கவேண்டும்.